லோயர் கேம்ப் பொங்கலும் 483 சாவும்: தியாகம் என்று எதைச் சொல்கிறோம், அது தகுமா?

சுருளிக்காரன்

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக்கின் பிறந்தநாள் ஜனவரி 15. எங்கள் பக்கம் பொங்கலோடு பொங்கலாக அதையும் கொண்டாடுவோம். லோயர் கேம்பில் 2013இல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. பானை வைப்பார்கள், சிலைக்கு மாலை விழும், மைக் செட்டில் ஒருத்தர் கதை சொல்வார். சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தை மாட்டிய வீடுகள் உண்டு. பிள்ளைக்குப் பென்னிகுயிக் என்றே பெயர் வைத்தவர்களும் உண்டு.

மைக்கில் வருகிற கதை எப்போதும் ஒன்றுதான். பாதி கட்டிய அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. வெள்ளைக்கார அரசாங்கம் இனிப் பைசா தரமாட்டேன் என்றது. அவர் சீமைக்குப் போய்ச் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்றுக்கொண்டு வந்து கட்டி முடித்தார். அந்தப் பேச்சில் தியாகம், தியாகம் என்று மூச்சுக்கு மூச்சு வரும்.

எனக்கு அவர்மேல் மரியாதை குறையவில்லை. எங்கள் தாத்தா வயலும் அந்தத் தண்ணீரில் விளைந்ததுதான். ஆனால் அணை கட்டும்போது நோயில் மட்டும் செத்தவர்கள் 483 பேர் என்று கணக்கு இருக்கிறது. அணைக்கு வடக்கே காட்டுக்குள் புதைத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி மைக்கில் "பலர் உயிரிழந்தனர்" என்று ஒரு வரி. சில வருஷம் அதுவும் இல்லை.

கேட்க நினைப்பது இரண்டு. சொத்தை விற்றதாகச் சொல்லப்படுகிறவரைக் கும்பிடுகிறோம், உயிரை விட்டவர்கள் யார் என்றே தெரியாது, இது எப்படி? இரண்டாவது கொஞ்சம் கஷ்டமான கேள்வி. ஐந்து மாவட்டத்துக்குத் தண்ணீர் கிடைத்ததே, அதற்கு அத்தனை உயிர் தகுமா? தகும் என்று சொல்கிற உரிமை யாருக்கு?

அணையை வைத்து நடக்கிற கேரளா–தமிழ்நாடு சண்டைக்கு இந்தக் களத்தில் வேறு விவாத இழை இருக்கிறது. தயவுசெய்து இங்கே வேண்டாம்.

மேலூர்_கடைமடை

தகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தாது வருஷப் பஞ்சம் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1876இல் ஆரம்பித்தது. மதுரைச் சீமையில் சனங்கள் புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்றதாக எங்கள் அப்பத்தா சொல்லும், அதற்கு அதன் அப்பத்தா சொன்னது. சென்னை மாகாணத்தில் அந்தப் பஞ்சத்துக்குப் போன உயிர் லட்சக்கணக்கில். அணை வந்த பிறகு பேரணையிலிருந்து வருகிற பெரியாற்றுக் கால்வாய்தான் எங்கள் பக்கத்து வானம் பார்த்த பூமியை வயலாக்கியது. நாங்கள் கடைமடை. ஒருபோகம்தான், அதுவும் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று காத்துக் கிடப்போம். ஆனாலும் சோறு.

483 பேர் போனது வருத்தம்தான். அணை இல்லாமல் போயிருந்தால் அடுத்த பஞ்சத்தில் எத்தனை பேர் போயிருப்பார்கள்? அதையும் தட்டில் வைத்து நிறுங்கள்.

பழைய_காகிதம்

முதலில் அந்த நகைக் கதையை முடித்துவிடலாம். சொத்தை விற்றார் என்பதற்கு என் கண்ணில் இதுவரை ஒரு பத்திரமும் பட்டதில்லை. சொல்கிறவரைக் கேட்டால் இன்னொருவர் சொன்னார் என்பார். அணை சென்னை மாகாண அரசின் திட்டம். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை எழுதினார்கள். 8000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். 1887இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு வந்து திறந்தார். இவ்வளவு பெரிய அரசாங்க வேலையை ஒரு அதிகாரி வீட்டு நகையை விற்று முடித்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அணைக்குப் பிறகு அவருக்குப் பட்டம் கிடைத்தது. இங்கிலாந்தில் இந்தியாவுக்கான பொறியாளர்களைத் தயார் செய்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1911இல் காலமானார். நல்ல வேலை செய்தார், அதற்கான பலனையும் பார்த்தார். அதில் தப்பே இல்லை.

ஆனால் எனக்கு அதைவிடச் சுவாரசியமான சங்கதி ஒன்று உண்டு. பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை பென்னிகுயிக்குடையது இல்லை. 1789இலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்திருளப்பப் பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்தார். செலவு கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள். 1808இல் கேப்டன் கால்டுவெல் மலையேறிப் பார்த்துவிட்டு, இது வெறும் பகல்கனவு என்ற மாதிரி எழுதிவைத்தார். அப்புறம் 1850இல் ஒரு மண் அணையைக் கட்டவே தொடங்கிவிட்டார்கள். அது ஏன் நின்றது தெரியுமா? காடு உடம்புக்கு ஆகவில்லை, கூலியைக் கூட்டிக் கொடு என்று வேலையாட்கள் கேட்டார்கள். அரசாங்கம் கூலியைக் கூட்டுவதற்குப் பதில் வேலையைக் கைவிட்டது.

1850இல் கூலி கேட்ட அந்த ஆட்களை யாரும் நினைப்பதில்லை. உயிருக்கு விலை கேட்டவர்கள் அவர்கள்.

சுருளிக்காரன்

1850 சங்கதி எனக்குப் புதுசு. நன்றி.

மதகடி

நான் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாலிபத்தில் கொஞ்ச காலம் அந்த அணையில் இருந்திருக்கிறேன். தம்பி பழைய_காகிதம் சொன்ன வருஷமெல்லாம் சரி. ஆனால் "நல்ல வேலை செய்தார், பலனைப் பார்த்தார்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். அதை என்னால் அப்படியே விட முடியாது.

அணை என்றால் கரையில் நின்று சுவர் எழுப்புவது என்று நினைக்கிறார்கள். ஆற்றுக்கு நடுவில் அஸ்திவாரம் போட வேண்டும். அதற்கு முதலில் ஆற்றை ஒதுக்க வேண்டும். மேலே ஒரு தற்காலிகக் கரை, கீழே ஒன்று, நடுவில் தண்ணீரை இறைத்துப் பாறையைக் காட்ட வேண்டும். அந்தக் கரையைக் கட்ட மரமும் மண்ணும் மூட்டையும்தான். கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள் வந்தார்கள். சென்னை பயோனியர் படையின் 1ஆம், 4ஆம் பட்டாளங்கள் வந்தன. மலையில் ஒரு ராத்திரி மழை பெய்தால் போதும், மாதக்கணக்கில் கட்டியது காலையில் இருக்காது. திரும்ப முதலிலிருந்து. இப்படி ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப.

சுண்ணாம்புக் கல் கூடலூர்ப் பக்கம் குருவனூத்து மலையிலிருந்து போனது. கீழேயிருந்து சாமான் ஏற்றக் கம்பி வடம் போட்டார்கள். சுட்ட செங்கலைப் பொடித்து, அதுதான் சுர்க்கி, சுண்ணாம்போடும் மணலோடும் அரைத்த சாந்து. சிமெண்ட் கிடையாது. அஸ்திவாரத்திலிருந்து 176 அடி உயரம். இன்றைக்கும் நிற்கிறது.

அந்தக் காட்டில் மலேரியா, காலரா. யானை வேறு. வெள்ளைக்கார அதிகாரியைக் காய்ச்சல் விட்டுவிடாது. வேண்டாம் சாமி என்று பென்னிகுயிக் மாற்றல் வாங்கிப் போயிருக்கலாம், போகவில்லை. நகையை விற்றாரோ இல்லையோ, வயதில் நல்ல பாகத்தை அந்த ஆற்றிடம் கொடுத்தார். எங்கள் தொழிலில் அதுவும் தியாகம்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு மதராசில் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கூலிகளைப் பற்றி ஒன்று. திட்டத்தின் வரலாற்றை 1899இல் எழுதிய மெக்கன்சி என்ற பொறியாளர், சாராயம் இல்லையென்றால் இந்த அணை முடிந்திருக்காது என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். குளிரும் ஈரமும் காய்ச்சலும் தாங்க அதுதான் மருந்து. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சாந்து அரைத்த கை எப்படி இருக்கும் என்று சுண்ணாம்பில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். விரல் இடுக்கெல்லாம் வெந்து வெடித்திருக்கும். அந்தக் கையால் ராத்திரி கஞ்சி குடிக்க வேண்டும்.

உசிலம்பட்டியான்

தியாகம், பலன் எல்லாம் சரி. எங்க ஊருக்கு அந்தத் தண்ணி ரொம்ப காலம் வரவே இல்லை. எங்க உசிலம்பட்டிப் பக்கத்துக்குத் தண்ணி கொண்டுவர்ற 58 கிராமக் கால்வாய்க்கு எத்தனை வருஷம் போராட்டம்னு தேடிப் பாருங்க. எங்க பக்கத்து ஆளுகளும்தான் அந்தக் காலத்துல வேலைக்குப் போயிருப்பாங்க.

மேலூர்_கடைமடை

உசிலம்பட்டி அண்ணே, நியாயம். மறுக்கவில்லை.

நெறியாளர்

நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நீதிமன்றத் தீர்ப்பு, நீர்மட்டம், அணை பலமா பலவீனமா எல்லாவற்றுக்கும் தனி இழை உண்டு. இந்த இழையில் அது வந்தால் பூட்டிவிடுவேன்.

ஏலக்காடு

நான் இந்தக் களத்தில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. 1850இல் வந்த ஆட்கள் கூலி கேட்டார்கள் என்று படித்ததும் எழுதத் தோன்றியது.

எங்கள் அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போனவர். இப்போதும் கம்பம், போடி பக்கத்திலிருந்து பெண்கள் தினமும் ஜீப்பில் மலையேறி இடுக்கி எஸ்டேட்டுகளுக்குப் போகிறார்கள். விடிவதற்கு முன் எழுந்து சோறாக்கி, பிள்ளைக்கு எடுத்து வைத்து, தூக்குச் சட்டியோடு முக்கில் போய் நிற்க வேண்டும். பத்துப் பேர் ஏறவேண்டிய ஜீப்பில் பதினெட்டுப் பேர். கம்பம்மெட்டு வளைவுகளில் பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே போனால் அட்டை. காலில் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொண்டுதான் இறங்குவார்கள், அப்படியும் கடிக்கும். ஏலக்காய் செடியின் அடியில் தரையோடு தரையாகக் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் காய் எடுக்க வேண்டும். அம்மா ராத்திரி வந்து விளக்கு வெளிச்சத்தில் காலில் ரத்தம் காய்ந்த இடத்தைச் சுரண்டுவார். அது எனக்கு ரொம்ப நாள் சாதாரண விஷயம். எல்லா அம்மாக்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

நான் படித்தேன், வேலைக்கு வந்தேன். பட்டம் வாங்கிய பிறகு கல்யாண வீடு, காதுகுத்து எங்கே போனாலும் ஒரே பேச்சு: "உங்க அம்மா எவ்வளவு தியாகம் பண்ணிருக்கு தெரியுமா." தெரியும். அதைச் சொன்ன ஆட்களில் இரண்டு பேர் ஜீப் ஓனர்கள். ஒருத்தர் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணி. அம்மா ஒருமுறை வாய்விட்டுக் கூலி கூடக் கேட்டபோது ஒரு வாரம் ஜீப்பில் ஏற்றாமல் விட்டது அவர்தான்.

இது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆனது. தியாகம் என்று பாராட்டிவிட்டால் பாக்கியைக் கொடுக்க வேண்டியதில்லை. கூலியாகக் கொடுக்க வேண்டியதை மரியாதையாகக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். 1850இல் கேட்டவர்கள் கலகக்காரர்கள், அடுத்த தடவை கேட்காமல் செத்தவர்கள் தியாகிகள். நாமும் அந்தக் கணக்கைத்தானே இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்?

பழைய_காகிதம்

இதற்கு மேல் நான் என்ன எழுத. ஆனால் ஒரு திருத்தம். 1887க்குப் பிறகு வந்தவர்கள் கேட்கவே இல்லை என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. கேட்டிருக்கலாம். ஓடிப்போயிருக்கலாம். பஞ்சம் முடிந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. கடனும் பசியுமாக இருந்தவன் 1850இல் கேட்ட மாதிரி கேட்க முடிந்திருக்குமா என்பது வேறு.

வைகைக்கரை_வாத்தியார்

ஏலக்காடு அம்மணியின் வேதனை புரிகிறது. ஆனாலும் எனக்கு மாறுபாடு உண்டு. எல்லாவற்றையும் கூலிப் புத்தகத்தில் எழுத முடியாது. உங்கள் அம்மா கங்காணிக்காக மலையேறவில்லை, உங்களுக்காக ஏறினார். அந்தப் பகுதியைச் சுரண்டல் என்று சொன்னால் அவர் செய்த முடிவையே அவரிடமிருந்து பறிப்பதாக ஆகும். கேட்டுப் பாருங்கள், "எனக்கு வேற வழி இல்லை, அதான் போனேன்" என்பாரா, "என் பிள்ளை படிக்கணும்னு போனேன்" என்பாரா?

நம் ஊரில் கொடுப்பதைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது மட்டமாகத்தான் எண்ணப்படும். அதில் நல்லதும் இருக்கிறது. அரவானை எடுத்துக்கொள்ளுங்கள். பாரதப் போருக்கு முன்னால் களப்பலிக்கு முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஆள் வேண்டும். கிருஷ்ணனும் அர்ஜுனனும் பொருந்துவார்கள், அவர்கள் போக முடியாது. அரவான் போனான். கூவாகத்தில் இன்றைக்கும் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு அறுக்கிறார்கள். அவன் கொடுத்தது தகுமா தகாதா என்று யாரும் பட்டிமன்றம் வைப்பதில்லை.

ஏலக்காடு

ஐயா, கேட்டிருக்கிறேன். அம்மா இரண்டையும் சொல்வார். ஒரே நாளில், ஒரே மூச்சில்.

உசிலம்பட்டியான்

வாத்தியாரே, அரவான் சும்மா போகலையே. கல்யாணம் பண்ணி வை, போர் முடியுற வரைக்கும் பார்க்க விடுன்னு நிபந்தனை போட்டுட்டுத்தான் கழுத்தைக் கொடுத்தான். எங்க ஊர் கூத்துல அதுதான் பெரிய கட்டமே. பொம்பளை யாரும் வரமாட்டேன்னதும் கிருஷ்ணனே மோகினியா வந்து கட்டிக்கிட வேண்டி வந்துச்சு. கேட்டதைக் கொடுத்தப்புறம்தான் பலி.

வைகைக்கரை_வாத்தியார்

உசிலம்பட்டியான் மடக்கிவிட்டார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் கேட்டது தனக்காக, பேரம் பேசி விலை ஏற்றுவதற்காக அல்ல.

உசிலம்பட்டியான்

தனக்காகக் கேட்டா தப்பா சார்?

தேயிலைக்காரி

நான் வண்டிப்பெரியாறு. நெறியாளர் பூட்டிவிடாதீர்கள், சண்டைக்கு வரவில்லை.

எங்கள் பாட்டனார் கம்பத்துப் பக்கத்திலிருந்து தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தவர். மூன்று தலைமுறை லயத்தில்தான், எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழும் மலையாளமும், ரேஷன் கார்டு கேரளா. எங்கள் லயம் ஆற்றை ஒட்டி இருக்கிறது. அணைக்குக் கீழே. மழைக்காலத்தில் மதகு திறக்கப் போகிறார்கள் என்று மைக் கட்டிக்கொண்டு வண்டி போகும். அன்றைக்கு ராத்திரி ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகள் சர்டிபிகேட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்போம். அணை பலமா இல்லையா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, பொறியாளர் ஐயா சொன்னால் நம்புகிறேன். ஆனால் ஆற்றுச் சத்தம் மாறினால் தூக்கம் வராது.

எங்கள் பெரியப்பா மகன் கூடலூரில் இருக்கிறான். இருபோகம் நெல். அவன் வீட்டில் பென்னிகுயிக் படம் இருக்கிறது. பொங்கலுக்குப் போனால் நானும் கும்பிடுவேன், பொய்யில்லை. அவன் சோறுதான் சாப்பிடுகிறோம்.

மேலே ஒருவர் தட்டில் வைத்து நிறுக்கச் சொன்னார். தண்ணீர் அவர் தட்டில், தூக்கம் எங்கள் தட்டில். தராசு யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.

மேலூர்_கடைமடை

தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத வரவில்லை. நான் "தகும்" என்று சொன்னதை இன்னும் வாபஸ் வாங்கவில்லை. எங்கள் அப்பத்தா சொன்ன பஞ்சக் கதை பொய்யில்லை. கம்பத்தில் 14,707 ஏக்கர் இருபோகம் என்பார்கள், எங்கள் கடைமடை வரைக்கும் வந்தால் இன்னும் எத்தனையோ குடும்பம். அந்த அணையைக் கட்டாதே என்று 1887க்குப் போய் என்னால் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது என்று நினைக்கிறேன், உங்கள் பெரியப்பா மகன் வயலும் அதில்தான் இருக்கிறது.

ஆனால் தகும் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிட்டது என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. வாங்கியவன் தகும் என்றால் அவன் கடன்காரன் ஆகிறான். நான் அதைக் கடனாக நினைக்கவில்லை, வரமாக நினைத்துவிட்டேன்.

தேயிலைக்காரி

அண்ணே, கடன் என்று சொன்னதே போதும். சொன்னவர்கள் குறைவு.

பழைய_காகிதம்

நகைக் கதை ஏன் இவ்வளவு பரவியது என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு யோசனை உண்டு. ஏலக்காடு எழுதியதைப் படித்ததும் அது தெளிவாகிறது. நகையை விற்பது நம் வீட்டுக் கதை. பிள்ளை படிப்புக்குத் தோட்டை அடகு வைத்த அம்மா இல்லாத வீடு கம்பத்தில் உண்டா? நன்றி சொல்ல நினைத்த சனங்கள் வெள்ளைக்காரத் துரைக்கும் அதே கதையைப் போட்டுவிட்டார்கள். அவர் மனைவிக்கு வளையல் இருந்ததோ என்னவோ, நம் பாட்டிமார் கழற்றிக் கொடுத்தார்கள். ஆக அந்தக் கதை பொய்யான இடத்தில் மாட்டியிருக்கிற உண்மை. அதனால்தான் மேடையில் அதை மறுத்தால் அடிக்க வருகிறார்கள்.

இன்னொன்று. துரைக்குப் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, பிறந்தநாள் இருக்கிறது. 483 பேருக்கு எந்தத் தேதியில் பொங்கல் வைப்பது? நன்றி காட்டவும் ஒரு விலாசம் வேண்டியிருக்கிறது.

சுருளிக்காரன்

விலாசம் தேடலாம் என்றுதான் இந்த இழையையே போட்டேன், உண்மையைச் சொன்னால். மதகடி ஐயா, அந்தக் கல்லறைக்குப் போக முடியுமா? இறந்தவர்கள் பெயர் எங்காவது எழுதியிருக்குமா?

மதகடி

போவது சுலபமில்லை. அணைப்பகுதி பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. தேக்கடியிலிருந்து படகில் துறை ஆட்கள் போவார்கள், அதற்கே ஏகப்பட்ட அனுமதி. சுற்றுலாவாகப் போகிற இடம் இல்லை.

பெயர் பற்றி என் அனுமானத்தைச் சொல்கிறேன். பட்டாளத்து ஆட்கள் பெயர் எங்காவது இருக்க வாய்ப்புண்டு, படைக்குப் பெயர்ப் பட்டியல் வைப்பது வழக்கம். அதிகாரிகள் பெயர் நிச்சயம் இருக்கும். கூலிகள் மேஸ்திரி கணக்கில் வந்தவர்கள். அரசாங்கம் மேஸ்திரிக்குப் பணம் கொடுத்தது, மேஸ்திரி தலையை எண்ணினான். தலைக்குப் பெயர் எழுதுகிற வழக்கம் எல்லா மேஸ்திரிக்கும் இருந்திருக்காது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்துப் பொதுப்பணித் துறை நடவடிக்கைத் தொகுதிகள் இருக்கின்றன. ஆராய்ச்சி மாணவர் யாராவது உட்கார்ந்து புரட்ட வேண்டும். நீங்கள் விண்ணப்பித்தால் நானும் ஒரு நாள் வருகிறேன். கண்தான் முன்னைப்போல இல்லை, எழுத்துப் பொடியாக இருக்கும்.

ஒன்று சேர்க்க விடுங்கள். நான் பணியில் இருந்த காலத்தில் மழைக்காலத்தில் கசிவு நீரை அளக்கவும் மட்டம் குறிக்கவும் ராத்திரி பகலாக ஆட்கள் இருந்தார்கள். தற்காலிகப் பணியாளர்கள்தான் பாதி. நிரந்தரம் ஆகாமலே வயதாகிப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் பிரிவுபசார விழாவில் "தன்னலமற்ற சேவை" என்று சால்வை போட்டோம். நான்தான் போட்டேன். ஏலக்காடு எழுதியதைப் படித்த பிறகு அந்தச் சால்வைகள் ஞாபகம் வருகின்றன.

வைகைக்கரை_வாத்தியார்

நான் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். பாக்கியைக் கொடுக்க வேண்டும், சரி. பாக்கியைக் கொடுத்துத் தீர்த்த பிறகும் ஒரு மிச்சம் இருக்கும், அதற்குக் கூலி கிடையாது, வணங்கத்தான் முடியும் என்பது என் கட்சி. அந்த அம்மாவுக்கு இரட்டைக் கூலி கொடுத்திருந்தாலும் விடியுமுன் எழுந்து சோறாக்கி வைத்தது கூலிக்குள் அடங்காது.

ஏலக்காடு

அதை நான் மறுக்கவே இல்லையே ஐயா. முதலில் கூலி, அப்புறம் கும்பிடு. வரிசை மாறுவதைத்தான் சொன்னேன்.

சுருளிக்காரன்

அடுத்த ஜனவரிக்கு எங்கள் ஊர் விழாக் குழுவில் ஒரு யோசனை சொல்லலாம் என்று இருக்கிறேன். மாலை போடுவதற்கு முன் 483 பேரைப் பற்றியும் 1850இல் கூலி கேட்டவர்களைப் பற்றியும் ஐந்து நிமிஷம் மைக்கில் பேச வேண்டும். வாத்தியாரோ பழைய_காகிதமோ எழுதிக் கொடுத்தால் நானே வாசிக்கிறேன். குழுவில் இரண்டு பேர் ஒத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் "நல்ல நாளில் சாவுச் சேதி எதுக்கு" என்பார்கள் என்று இப்போதே தெரிகிறது.

மேலூர்_கடைமடை

எழுதுங்கள். எங்கள் பக்கமும் வாசிக்கச் சொல்கிறேன். தேயிலைக்காரித் தங்கச்சி ஊரைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஏலக்காடு

வாசியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இன்னொன்றும் மைக்கில் சொல்ல முடியுமா பாருங்கள். தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று. உங்கள் விழா நோட்டீஸில் நன்கொடையாளர் பட்டியலை ஒரு தடவை படித்துவிட்டுச் சொல்லுங்கள், அதில் எத்தனை ஜீப் ஓனர்கள்?

சுருளிக்காரன்

படித்தேன். முதல் பக்கத்திலேயே மூன்று பேர். குழுவின் பொருளாளரும் அதில் ஒருத்தர், என் சின்ன மாமனார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார், பேசிவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.